பூட்டிய கொட்டகையும் மக்கள் தந்த காசும்

விலைவாசி ஏறிக்கிடக்கிறது; வேலையற்றோர் தொகை பெருகிக்கிடக்கிறது; எழுதுவதற்குப் பொருள் ஆயிரம் இருக்க, கடல் கடந்த ஊரொன்றின் நாடகக் கொட்டகையைப் பற்றி ஏடு எழுதுவானேன் என்று உங்களிற் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நெரியுங்கள், தவறில்லை. ஆனால் படித்து முடித்த பின் தீர்ப்புச் சொல்லுங்கள். நாம் பேச வந்தது செங்கல்லையும் சுண்ணாம்பையும் பற்றியன்று. மேடை யாருக்கு உரியது என்ற கேள்வியைப் பற்றி! பூட்டிக் கிடந்த ஒரு மேடையைப் பொதுமக்கள் தம் காசு கொடுத்துத் திறந்த கதையைப் பற்றி!

ஊரின் பெயர் ஏதென்ஸ். நாடகக் கலைக்குத் தாயகமான கிரேக்கத்துப் பழம்பெரு நகரன்று. அதன் பெயரை இரவல் வாங்கிக்கொண்ட அமெரிக்க நகரம். தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறது. 1785-இல் சாசனம் பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று அங்கே உண்டு. கலைக்குப் பேர் போன ஊரின் பெயரை வைத்துக்கொண்டார்கள். கல்விக்கு ஒரு கோட்டையையும் எழுப்பிக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கோட்டையின் கதவு கறுப்பினத்தாருக்கு 1961 வரை திறக்கவில்லை. பெயரிலே ஏதென்ஸ், செயலிலே தீண்டாமை!

அந்த ஊரின் நடுக் கடைத்தெருவில், வாஷிங்டன் தெருவும் ஹல் தெருவும் கூடும் முனையில், நான்கு அடுக்குச் செங்கற் கட்டடம் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. மார்ட்டன் தியேட்டர் என்பது அதன் பெயர். கட்டியவர் மன்ரோ பவர்ஸ் மார்ட்டன் என்ற கறுப்பினப் பெருமகன். அடிமைமுறை ஒழியாத 1850-களில் பிறந்தவர். கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்தார். நிலமும் வீடும் சேர்த்தார். 1896-இல் குடியரசுக் கட்சியின் தேசிய மாநாட்டுக்குப் பேராளராகச் சென்றார். 1897-இல் ஏதென்ஸ் நகரின் போஸ்ட்மாஸ்டர் பதவியில் அமர்ந்தார். பின்னாளில் ஒரு செய்தித்தாளும் நடத்தினார்.

போஸ்ட்மாஸ்டர் பதவிதானே, அதில் என்ன பெருமை என்று கேட்பீர்கள். அதே காலத்தில் அண்டை மாநிலமான தென் கரோலினாவில் என்ன நடந்தது என்று கேளுங்கள். லேக் சிட்டி என்ற சிற்றூரில் பிரேசியர் பேக்கர் என்ற கறுப்பினத்தவரைப் போஸ்ட்மாஸ்டராக அமர்த்தினார்கள். ஒரு கறுப்பன் கையால் எங்களுக்குக் கடிதம் வருவதா என்று குமுறிய வெள்ளை வெறியர்கள், 1898 பிப்ரவரியில், அவர் குடும்பத்தோடு இருந்த வீட்டுக்கு நள்ளிரவில் தீ மூட்டினார்கள். வெளியே வந்தவர்களைச் சுட்டார்கள். அவரும் மாண்டார், அவருடைய கைக்குழந்தையும் மாண்டது. அப்படிப்பட்ட காலத்தில் அந்த நாற்காலியில் அமர்ந்து பணி புரிந்தவர்தான் மார்ட்டன். நாற்காலி சிறிதாக இருக்கலாம். அதில் அமர வேண்டிய நெஞ்சுரம் சிறிதன்று!

இனி, அவர் கொட்டகை கட்டிய காலத்தை எண்ணிப் பாருங்கள். 'தனியாக, ஆனால் சமமாக' வைப்பது சட்டத்துக்கு முரணன்று என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896-இல் தீர்ப்பளித்திருந்தது. 'தனியாக' என்ற சொல் மட்டும் நடைமுறைக்கு வந்தது. 'சமமாக' என்ற சொல் காகிதத்திலேயே தங்கிற்று. 1906-இல் அதே ஜார்ஜியாவின் தலைநகர் அட்லாண்டாவில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பின மக்களை நாட்கணக்கில் வேட்டையாடின. 1908-இல் மாநில அரசியல் சட்டத்தையே திருத்தி, எழுத்தறிவுத் தேர்வு, சொத்துத் தகுதி என்றெல்லாம் முள்வேலி கட்டி, கறுப்பினத்தாரின் வாக்குச்சீட்டைப் பறித்தார்கள். தெற்கு நாட்டு நாடகக் கொட்டகைகளிலோ, பக்கவாட்டுப் படிக்கட்டு ஏறி உச்சிப் பரணில் உட்கார வேண்டும் என்பதே கறுப்பினத்தாருக்கு விதித்த விதி. காசு ஒன்றுதான், கதவு வேறு! தேநீர்க்கடையில் தனிக் குவளை கண்ட நமக்கு, அந்தத் தனிப் படிக்கட்டின் கொடுமையை விரித்துரைக்கவும் வேண்டுமோ?

வாக்குரிமை பறிபோன இரண்டாம் ஆண்டு, 1910-இல், மார்ட்டனின் கொட்டகை திறந்தது. கவனியுங்கள், தோழர்களே! 'என் இனத்தைப் பின்கதவால் வரச் சொல்லுகிறீர்களா? இதோ, முன்கதவு உள்ள ஒரு கொட்டகை!' என்று அவர் மேடை ஏறி முழங்கியதாகச் செய்தியில்லை. முழங்கியது கட்டடம்! கறுப்பினத்தவர் ஒருவர் தாமே கட்டி, தாமே உடைமையாளராய் இருந்து, தாமே நடத்திய கொட்டகைகளுள், காலத்தை வென்று இன்றும் எஞ்சி நிற்பவை மிகச் சில. அந்தச் சிலவற்றுள் ஒன்று அது.

1910 மே 18-ஆம் நாள் திறப்பு விழா. ஆட்டமும் கூத்தும்தான் இவர்களுக்குத் தெரியும் என்று ஏளனம் பேசிய உலகத்துக்கு முன், முதல் நாள் நிகழ்ச்சியாக மார்ட்டன் வைத்தது என்ன தெரியுமா? செவ்விசை! ஓஹையோ மாநிலத்து ஓபர்லின் நகரிலிருந்து ஆலிஸ் கார்ட்டர் சிம்மன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி வந்து பியானோ வாசித்தார். ஏளனத்துக்கு ஏளனத்தால் விடை தரவில்லை; இசையால் விடை தந்தார்கள். அந்த விடைக்கு மறுமொழி சொல்ல எந்த வெறியனாலும் முடியவில்லை.

அந்தக் கட்டடத்தில் கொட்டகை மட்டுமா இருந்தது? கறுப்பின மருத்துவர்கள் அங்கே நோயாளிகளைப் பார்த்தார்கள். ஜார்ஜியாவில் பல் மருத்துவத்துக்கு உரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணியான ஐடா மே ஹைரம் அங்கே தொழில் நடத்தினார். கறுப்பினத்தார் நடத்திய மருந்துக்கடை தெருமுனையில் இருந்தது. வெள்ளையர் மருத்துவமனையில் வாசற்படி தாண்ட முடியாதவனுக்கு அங்கே வைத்தியம் கிடைத்தது. வெள்ளையர் கொட்டகையில் பரணுக்கு விரட்டப்பட்டவனுக்கு அங்கே முன்வரிசை கிடைத்தது. அந்தத் தெருமுனையை 'ஹாட் கார்னர்' என்று அழைத்தார்கள். சூடான மூலை! உடல் நோய்க்கு மருந்தும் உள்ள நோய்க்கு மருந்தும் ஒரே கூரையின் கீழ்.

இங்கே சற்று நிற்போம். 'பசித்தவனுக்குச் சோறு போடாமல் பாட்டுக் கொட்டகைக்குப் பணமா?' என்று கேட்பவர்கள் எந்நாட்டிலும் உண்டு, நம்மிடையேயும் உண்டு. அந்தக் கேள்வியை நாம் இகழமாட்டோம். அதில் நியாயத்தின் சாயல் இருக்கிறது. ஆனால் மார்ட்டனின் கட்டடம் அந்தக் கேள்விக்கு எண்பது பக்கப் புத்தகத்தைவிடத் தெளிவான விடை தருகிறது. ஒடுக்கப்பட்டவன் வாழ்வில் சோறு ஒரு தெருவிலும் கலை ஒரு தெருவிலும் இருப்பதில்லை. நோயைப் போக்கும் இடமும், நாலு பேர் கூடும் இடமும், 'நாமும் மனிதரே' என்று நிமிர்ந்து உட்காரும் இடமும் அவனுக்கு ஒன்றாகவே பறிபோயின. ஒன்றாகவே மீண்டாக வேண்டும். கூடி உட்கார இடமில்லாதவன், சோற்றைக் கேட்பதற்குக்கூடத் தனியாகத்தான் போக வேண்டும். தனியாகப் போனவனுக்குக் கிடைப்பது சோறன்று, கழுத்தில் கை!

பல்லாண்டுகள் அந்த மேடை சிறந்தது. பெஸ்ஸி ஸ்மித், லூயி ஆம்ஸ்ட்ராங், டியூக் எல்லிங்டன், கேப் காலோவே என்று உலகம் போற்றும் கலைஞர்களின் பெயர்கள் அதன் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றன. மார்ட்டன் 1919-இல் மறைந்தார். பின்னர் திரைப்படம் வந்தது. மேடை திரையரங்கம் ஆயிற்று. 1950-களின் நடுவில், படம் காட்டும் அறையில் சிறு தீ ஒன்று மூண்டது. பெருஞ்சேதம் எதுவுமில்லை. ஆனால் ஆபத்துக் காலத்தில் மக்கள் வெளியேற இன்னொரு வழி வைத்தால்தான் அரங்கை நடத்தலாம் என்று ஆயிற்று. வழி வைக்கவில்லை, வாயில் அடைத்தது. கீழே கடைகள் நடந்தன. மேலே அரங்கம் இருண்டது. ஒரு கதவுக்குப் பணமில்லாமல் ஒரு வரலாறு பூட்டப்பட்டது!

ஆளுவோருக்கு மேடையின் வலிமை தெரியும் என்பதற்குச் சான்று தேடி நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. அந்த ஏதென்ஸ் அரங்கம் இருண்ட அதே காலத்தில்தான், 1954-இல், சென்னை மாநிலத்தில் நாடகங்களுக்கு விலங்கு பூட்டும் சட்டம் வந்தது. நாடகம் ஏட்டில் கிடந்தால் அவர்களுக்கு அச்சமில்லை, மேடையேறினால் அச்சம்! அரை நூற்றாண்டுக்கும் மேலான காலம் கழித்து, 2013-இல்தான், சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முதன்மையான பிரிவுகளை அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று தள்ளியது. மேடையைச் சட்டத்தாலும் பூட்டலாம், வறுமையாலும் பூட்டலாம். ஏதென்ஸில் நடந்தது இரண்டாம் வகை.

அரங்கம் பூட்டிக் கிடந்த ஆண்டுகளில் வெளியே உலகம் சும்மா இருக்கவில்லை. 1961 ஜனவரியில் சார்லேன் ஹண்டர், ஹாமில்டன் ஹோம்ஸ் என்ற இரு கறுப்பின மாணவர்கள், நீதிமன்ற ஆணையோடு, ஏதென்ஸ் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்தார்கள். அந்தப் பெண் தங்கியிருந்த விடுதியை வெறிக்கும்பல் சூழ்ந்தது, கல் பறந்தது. பல்கலைக்கழகமோ கல்லெறிந்தவர்களை விட்டுவிட்டு, அவ்விருவரையும் 'பாதுகாப்புக்காக' என்று சொல்லி வெளியே அனுப்பிற்று. மீண்டும் நீதிமன்றமே தலையிட்டு உள்ளே சேர்த்தது. 1964-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தனிப் படிக்கட்டுகள் சட்டத்தின் முன் செத்தன.

1973-இல் கட்டடம் மார்ட்டன் குடும்பத்தின் கையைவிட்டுப் போயிற்று. பழைய கட்டடங்கள் பலவற்றுக்கு என்ன கதி நேரும் என்பது உங்களுக்குத் தெரியும். இடிப்பார்கள், வண்டி நிறுத்தும் இடமாக்குவார்கள், 'முன்னேற்றம்' என்று பெயர் வைப்பார்கள். ஆனால் இங்கே ஊரார் சிலர் விழித்துக்கொண்டார்கள். 1979-இல் அந்தக் கட்டடம் நாட்டின் வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறிற்று. இலாப நோக்கற்ற அமைப்பொன்று உருவாகி, 1980-இல் அதனை வாங்கிற்று. வாங்கிவிட்டால் போதுமா? கூரை ஒழுகுகிறது, மரம் உளுத்திருக்கிறது, மின்கம்பிகள் பழையவை. சீரமைக்கப் பெரும்பணம் வேண்டும். எங்கே போவது?

பெருஞ்செல்வரின் வாயிலில் கையேந்தி நின்றிருக்கலாம். அவரும் மனமிரங்கிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தபின் தம் பெயரை முகப்பில் பொறித்திருக்கலாம். எந்த நாடகம் நடக்க வேண்டும், எது நடக்கக்கூடாது என்றும் மெல்லக் காதோடு சொல்லியிருக்கலாம். கொடையின் கயிறு கண்ணுக்குத் தெரியாது, கழுத்துக்குத் தெரியும்!

ஏதென்ஸ் மக்கள் வேறு வழி கண்டார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் 1985 முதல் ஒரு சட்டம் உண்டு. ஒரு வட்டார மக்கள், இன்னின்ன பொதுப் பணிகளுக்கு என்று பட்டியல் போட்டு, கடையில் வாங்கும் பொருள்மீது டாலருக்கு ஒரு சென்ட் வரி சேர்த்துக்கொள்ளலாமா என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளலாம். வாக்கெடுப்பில் ஒப்புதல் கிடைத்தால்தான் வரி. அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கே. பட்டியலில் சொன்ன பணிக்கே. 1987-இல் அப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்தது. பட்டியலில் மார்ட்டன் கொட்டகையின் பெயரும் இருந்தது. பதினெட்டு இலட்சம் டாலர் அதற்கு என்று இருந்தது. மக்கள் 'ஆம்' என்றார்கள்.

தோழர்களே, இந்த இடத்தை இருமுறை படியுங்கள். 1908-இல் வாக்குச்சீட்டைப் பறித்தார்கள். 1987-இல், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே வரிசையில் நின்று போட்ட வாக்குச்சீட்டே அந்தக் கொட்டகையின் பூட்டைத் திறந்தது! 1910-இல் ஒரு தனிமனிதரின் துணிவு கட்டிற்று. 1987-இல் ஒரு வட்டாரத்தின் வாக்கு மீட்டது.

விற்பனை வரி ஏழையையும் பணக்காரனையும் ஒரே விகிதத்தில் தொடுவது. ஆதலால் ஏழைக்கே அது கூடுதல் சுமை என்பதை நாம் மறைக்கவில்லை. அந்த முறையைப் புகழ்வதும் நம் நோக்கமன்று. ஆனால் அதிலிருந்து ஓர் உரிமை பிறக்கிறது, அதை மறக்கலாகாது. சவுக்காரக் கட்டி வாங்கிய சலவைத் தொழிலாளி ஒரு சென்ட் கொடுத்திருக்கிறாள். பிள்ளைக்குச் செருப்பு வாங்கிய கூலிக்காரன் ஒரு சென்ட் கொடுத்திருக்கிறான். அந்த மேடையின் ஒவ்வொரு பலகையிலும் அவர்களுடைய காசு இருக்கிறது. 'இது எங்கள் கொட்டகை' என்று அவர்கள் சொன்னால், அது நன்றி கலந்த உபசார மொழியன்று, உடைமையாளரின் உறுதிமொழி!

1993-இல் திரை மீண்டும் உயர்ந்தது. ஏறத்தாழ 500 பேர் அமரக்கூடிய அரங்கம். இன்று அது அவ்வட்டார அரசின் உடைமை. உள்ளூர் நாடகக் குழுக்கள் நாடகம் போடுகின்றன. நடனம் பயிலும் பிள்ளைகள் ஆடுகிறார்கள். பாட்டுக் குழுக்கள் பாடுகின்றன. உலகப் புகழ் பெற்றவர்கள் மட்டும் ஏறும் மேடையாக அதனை ஆக்கி, ஊராரை நுழைவுச்சீட்டு வாங்கும் கூட்டமாக மட்டும் வைத்துவிடவில்லை. ஊராரே மேடையேறுகிறார்கள். கொட்டகையைப் புதுப்பித்ததன் பொருளே அதுதான்.

ஆனால் உண்மையை முழுவதும் சொல்வதே நம் ஏட்டின் வழக்கம். கட்டடம் மீண்டது, மீளாதவையும் உண்டு. அதே ஏதென்ஸில் லின்னன்டவுன் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. உழைத்துச் சம்பாதித்து, சொந்த வீடு கட்டி வாழ்ந்த ஏறத்தாழ ஐம்பது கறுப்பினக் குடும்பங்கள். 1960-களில், 'நகரச் சீரமைப்பு' என்ற பெயரால், பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதிகள் எழும்ப வேண்டுமென்று, அந்தக் குடும்பங்களை அகற்றி வீடுகளை இடித்தார்கள். எந்தப் பல்கலைக்கழகம் அவர்களுடைய பிள்ளைகளுக்கு அதுவரை கதவடைத்திருந்ததோ, அதே பல்கலைக்கழகத்துக்காக! அந்த அநீதியை ஒப்புக்கொண்டு வட்டார ஆட்சிமன்றம் தீர்மானம் நிறைவேற்ற 2021 ஆயிற்று. இழந்தவர்களிற் பலர் அதற்குள் மறைந்தே போனார்கள்.

ஒரு கொட்டகையைப் புதுப்பித்துவிட்டு, 'பழைய கணக்கு தீர்ந்தது' என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். தெருவை இடித்த கை, கொட்டகைக்கு வெள்ளையடித்தால் தூய்மையாகிவிடாது. ஆனால் அந்தக் கொட்டகை நின்றுகொண்டிருப்பதால்தான், இடிந்த தெருவின் கதையைச் சொல்ல ஒரு மேடை இருக்கிறது. இடித்தவை எவை என்று கேட்க வேண்டுமானால், இடியாத ஒன்றின் நிழலில் நின்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

இனி நம்மைப் பற்றி ஒரு சொல். மேடையிலே வளர்ந்த இயக்கம் நம்முடையது. கீற்றுக் கொட்டகையில், பெட்ரோமாக்ஸ் விளக்கொளியில், அரிதாரம் பூசிய தோழன் பேசிய வசனம், நூறு துண்டறிக்கைகள் செய்யாத வேலையைச் செய்தது. எழுத்தறியாத பாட்டாளிக்கும் அந்த வசனம் மனப்பாடம். ஆகவே, மேடை எவர் கையில் இருக்கிறது என்று கேட்கும் உரிமையும் கடமையும் மற்றவரைவிட நமக்கு ஒரு படி கூடுதலாகவே உண்டு.

உங்கள் ஊரிலும் ஒரு பழைய கொட்டகை பூட்டிக் கிடக்கலாம். நகராட்சிக்குரிய கலையரங்கம் ஒன்று புதுப்பொலிவு பெற்றும் இருக்கலாம். சுவரில் வண்ணம் பளிச்சிடுகிறதா என்று மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று: இதன் உடைமையாளர் யார்? இரண்டு: ஒரு நாள் வாடகை எவ்வளவு, அது ஒரு தெருக்கூத்துக் குழுவுக்கு, ஒரு பள்ளிப் பிள்ளைகளின் நாடகத்துக்கு, ஒரு தொழிற்சங்கத்தின் கலைநிகழ்ச்சிக்கு எட்டுமா? மூன்று: ஆட்சியில் இருப்போருக்குப் பிடிக்காத நாடகத்துக்கும் இந்தத் திரை உயருமா?

மூன்றாம் கேள்வியை, ஆட்சியில் இருப்பது எவராயினும் கேளுங்கள். ஆம், நம்மவராயினும் கேளுங்கள்! மாற்றான் ஆளும்போது மட்டும் கேட்கப்படும் உரிமை, உரிமையன்று. அது வெறும் தந்திரம்.

இம்மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால், அந்த அரங்கம் உண்மையிலேயே புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. கிடைக்காவிட்டால், எத்தனை கோடி செலவிட்டிருந்தாலும், அது இன்னும் பூட்டியே கிடக்கிறது. நகராட்சிக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். உங்கள் உறுப்பினரிடம் கணக்குக் கேளுங்கள். ஊர்ப் பெரியோரையும் இளைஞரையும் கலைக்குழுக்களையும் கூட்டி வையுங்கள்.

மார்ட்டன் ஒருவர் முன்கதவு வைத்தார். நாற்பதாண்டுக்கு மேல் அது திறந்திருந்தது. ஏறக்குறைய நாற்பதாண்டு அடைந்து கிடந்தது. ஒரு சென்ட், ஒரு சென்டாகக் கொடுத்து மக்கள் அதனை மீண்டும் திறந்தார்கள். திறந்த கதவை மறுபடி அடையாமல் காப்பது, அங்கே அவர்கள் வேலை. இங்கே, நம் வேலை.